பின்னால் வரும் சில்லுகள்

சங்ககாலத்து உப்பு வணிகரான உமணர், தம் வண்டியின் அடியில் மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டே நெடுவழி புறப்படுவர். பாரம் ஏற்றிய வண்டி ஆளரவமற்ற இடத்தில் முறிந்து நின்றால் உதவிக்கு எவரும் வாரார் என்பது அவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை. ஔவையார் இந்தச் சேம அச்சினை அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிய புறநானூற்றுச் செய்யுளை நம் மாணவர் நன்கறிவர். வண்டி என்ற ஒன்று தோன்றிய நாள் முதலாக அதனோடு உடன்பிறந்த கவலை இது. நம்மைத் தாங்கிச் செல்வது நடுவழியில் நம்மைக் கைவிட்டால் என் செய்வது?

அந்தப் பழங்கவலையின் புதிய வடிவம் ஒன்றை அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலைகளில் அறியும் வாய்ப்பு 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எனக்குக் கிடைத்தது. ஒகாயோ மாநிலத்தில் வாழும் என் தமக்கையின் மகன், தன் மனைவி மக்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டு, அரிசோனாவிலுள்ள கிராண்ட் கன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கைக் காணப் புறப்பட்டான். போகும் வழி மட்டும் ஏறக்குறைய 1,900 மைல். புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர், வாங்கி ஓராண்டே ஆன தன் இழுவண்டியின் டயர்களை, தேய்மானத்தின் சுவடே தெரியாத அந்த டயர்களை, அவன் கழற்றிவிட்டு வேறு டயர்களைப் பூட்டினான். காரணத்தை விசாரிக்கப் புகுந்தபோது, அதன் பின்னே வணிகமும் சட்டமும் இரசாயனமும் கலந்த ஒரு வரலாறு இருப்பது புலனாயிற்று. அதனையே இங்கு எழுதுகிறேன்.

சில்லின் மேல் ஒரு வீடு

இழுவண்டி என்று நான் கூறுவது மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் சிறு வீட்டினை. ஆங்கிலேயர் கரவன் என்பர்; அமெரிக்கர் டிராவல் ட்ரெயிலர் என்பர். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தாங்கி யாவும் அதனுள் அடங்கும். வாலி பயாம் என்பவர் 1930களில் தொடக்கிய ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் அலுமினிய வண்டிகள் இவ்வகையிற் பெரும் புகழ் பெற்றவை. 1959 இல் அவர் 41 இழுவண்டிகளைத் திரட்டிக்கொண்டு ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ரவுனிலிருந்து கெய்ரோவை நோக்கி ஓர் ஊர்வலமே நடத்தினார். இன்று அமெரிக்காவில் உற்பத்தியாகும் இத்தகைய வண்டிகளுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவை இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுகின்றன.

இவ்வண்டியை வாங்க வருபவர், வீடு வாங்குபவரைப் போலவே நடந்துகொள்கிறார். அடுக்களை வசதியானதா, கட்டில் அகலமானதா, மழை ஒழுகுமா என்றெல்லாம் பார்க்கிறார். விற்பனை நிலையத்திலே குனிந்து டயரைப் பார்ப்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இரார். இஃது உற்பத்தியாளருக்கும் தெரியும். போட்டி மிகுந்த தொழிலில் ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவிடும் அவர், வாங்குபவரின் கண் படும் இடத்தில் தாராளமாகவும் படாத இடத்திற் சிக்கனமாகவும் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. அதன் பலனாக, சட்டம் கேட்கும் அளவுக்குச் சற்றும் மேற்போகாத மலிவான டயர்கள் பல வண்டிகளிலே பூட்டப்பட்டு வந்தன.

இருபது இறாத்தல் மிச்சம்

அமெரிக்காவில் இன்றும் இறாத்தலும் மைலுமே வழக்கில் உள்ளன. ஆகவே கணக்கையும் அவ்வாறே தருகிறேன்.

என் மருமகனின் வண்டிக்கு இரண்டு அச்சுகள். அச்சொன்றுக்கு இரண்டு சில்லுகள். ஒவ்வோர் அச்சும் 3,500 இறாத்தல் தாங்க வல்லது. தொழிற்சாலையிற் பூட்டிய 14 அங்குல டயர், 'சி' எனக் குறிக்கப்படும் சுமைத்தரத்தைச் சேர்ந்தது. சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் அழுத்தம் வரும்வரை காற்றடைத்தால் ஒவ்வொரு டயரும் 1,760 இறாத்தல் சுமக்கும். இரண்டும் சேர்ந்து 3,520. ஆக, அச்சின் வலிமைக்கும் டயரின் வலிமைக்கும் இடையே உள்ள வித்தியாசம் 20 இறாத்தல். பிள்ளையொன்றின் புத்தகப் பை இரண்டின் பாரம் அவ்வளவு வரும். டயர்களின் சுமைத்திறன் அச்சின் சுமைத்திறனுக்குக் குறையலாகாது என்பதே அரசாங்கத்தின் விதி. அந்த விதி இங்கே எழுத்துப் பிசகாமல் நிறைவேறியிருந்தது. இத்தொழிலினரின் சங்கம் தன் உறுப்பினருக்கு 10 சதவீத மேலதிகத் திறனை வேண்டியது 2017 இலேதான். அதற்கு முன் செய்யப்பட்டு இன்னமும் வீதியில் ஓடும் வண்டிகள் பல.

ஏற்றும் பொருள் எவ்வளவு மெல்லியதாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பதற்கு வள்ளுவர் மயிலிறகை எடுத்துக்காட்டினார். இழுவண்டியில் ஏறுபவை மயிலிறகுகளல்ல. ஒரு கலன் தண்ணீர் 8 இறாத்தலுக்கு மேல் நிறையுடையது. 40 கலன் கொள்ளும் தாங்கியை நிரப்பினால் அதுவே 330 இறாத்தலைத் தாண்டும். அரிசி மூட்டையும், அம்மியின் இடத்தைப் பிடித்த அரைக்கும் இயந்திரமும், பிள்ளைகளின் துவிச்சக்கர வண்டிகளும் அதன்மேல் வரும்.

லொறிகள் தங்குமிடங்களில் நிறைமேடைகள் உண்டு. சிறு கட்டணம் செலுத்தி எவரும் தம் வண்டியை நிறுத்துப் பார்க்கலாம். பயணத்துக்குரிய பொருள் எல்லாம் ஏற்றிய பின் நாங்கள் நிறுத்தபோது, இழுக்கும் வண்டியின் கொளுவியில் தங்கிய பாரம் நீங்கலாக, நான்கு டயர்களின் மேலும் 6,640 இறாத்தல் இருந்தது. நான்கின் திறனும் சேர்ந்து 7,040. நானூறு இறாத்தல் மிச்சமுண்டே என்று நான் ஆறுதல் கொண்டேன். மருமகனோ வேறு கணக்குச் சொன்னான்.

"மாமா, பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் அந்த மிச்சம். குசினியும் குளிர்ப்பெட்டியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட நானூறு இறாத்தல் கூடினால், பாரமான பக்கத்தில் எவ்வளவு வரும் என்று பாருங்கள்."

கடதாசியிற் போட்டுப் பார்த்தேன். சரியாக 3,520 வந்தது. அந்தப் பக்கத்து இரண்டு டயர்களின் திறனும் அதுவேதான். ஒரு பள்ளத்தில் விழுந்தெழும் அதிர்ச்சிக்கோ, காற்றுச் சற்றுக் குறைவதற்கோ, வெயிலுக்கோ, அங்கே ஓர் இறாத்தல்கூட ஒதுக்கப்படவில்லை. அளவில் அதே 14 அங்குலம் கொண்ட, 'டி' சுமைத்தரத்து டயர் 65 இறாத்தல் அழுத்தத்தில் 2,040 இறாத்தல் சுமக்கும். நான்கும் சேர்ந்து 8,160. பாரமான பக்கத்திலும் 560 இறாத்தல் கையிருப்பாக நிற்கும்.

ஒன்றை இங்கே கூறிவைத்தல் வேண்டும். வலிய டயரைப் பூட்டியதனால் வண்டி சுமக்கக்கூடிய பாரம் கூடிவிடுவதில்லை. அச்சு முன்போல 3,500 இறாத்தலுக்கே உரியது. கிடைத்த மிச்சம் முழுவதும் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட வேண்டியது. மேலும் ஒரு பெட்டியை ஏற்றுவதற்கு அன்று.

நான்கு இலக்கங்களில் ஒரு வயது

டயரின் விலாவிலே அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் குறியீடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2000 ஆம் ஆண்டு முதல் அதன் இறுதி நான்கு இலக்கங்கள் டயர் உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. முழுக் குறியீடும் பெரும்பாலும் உட்பக்கத்து விலாவிலேயே இருப்பதால், மருமகன் மின்சூளோடு வண்டியின் கீழே படுத்து அதனை வாசிக்க வேண்டியதாயிற்று. நான்கு டயர்களிலும் 3813 என்றிருந்தது. அதாவது, 2013 ஆம் ஆண்டின் 38 ஆவது வாரம்.

"வண்டிக்கு வயது ஒன்று. டயருக்கு வயது மூன்றாகப் போகிறது," என்றான் அவன் எழுந்து உடையைத் தட்டியபடி.

ஓடாத டயருக்கு வயது ஏறுமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. ஏறும் என்பதே இரசாயனம் கூறும் விடை. இறப்பரின் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை வளியிலுள்ள ஓசோன் தாக்கி அறுக்கிறது. இழுபட்ட நிலையில் நிற்கும் இறப்பரிலே அந்தத் தாக்குதலால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. இதனைத் தடுப்பதற்காக மெழுகும் வேறு சில இரசாயனப் பொருள்களும் இறப்பரிற் கலக்கப்படுகின்றன. டயர் ஓடும்போது வளைந்து நெளிவதால் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து காவலாகப் படிகின்றன. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டயருக்கு அந்தக் காவல் போதிய அளவு கிடைப்பதில்லை. வருடத்தில் பத்து மாதம் முற்றத்தில் நின்று, இரண்டு மாதம் முழுப் பாரத்தோடு ஓடுவதே இழுவண்டியின் வாழ்க்கை. டயருக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை வேறு இல்லை.

வெளியே தெரியும் வெடிப்பினும் அபாயமானது உள்ளே நிகழும் முதுமை. டயருக்குள் அழுத்தத்தோடு அடைபட்ட காற்றிலுள்ள ஒக்சிசன் மெல்ல மெல்ல இறப்பரினூடே ஊடுருவி, உருக்குப் பட்டிகளைப் பற்றியிருக்கும் இறப்பரை இறுகச் செய்கிறது. வெப்பம் அதனை விரைவுபடுத்துகிறது. ஒருநாள் அந்தப் பற்று விட்டுப்போக, மேற்றோல் முழுவதும் உரிந்து பறக்கிறது. பெரிய காப்புறுதி நிறுவனமொன்றின் 2002 முதல் 2006 வரையான கணக்குகளை எடுத்துக்காட்டி, அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2008 இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. ரெக்சாஸ், கலிபோர்னியா, லூயிசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய வெப்ப மாநிலங்கள் ஐந்திலும் அந்நிறுவனத்தின் காப்புறுதியாளருள் 27 சதவீதத்தினரே இருந்தனர்; டயர் சம்பந்தமான இழப்பீட்டுக் கோரிக்கைகளிலோ 77 சதவீதம் அங்கிருந்தே வந்தன. அவற்றுள் 84 சதவீதம் ஆறு வயதைக் கடந்த டயர்கள் பற்றியவை.

காரின் டயர் தேய்ந்து ஓய்வு பெறுகிறது. இழுவண்டியின் டயர் தேயும் முன்னரே முதுமையாலும் பாரத்தாலும் அழிகிறது. புதிய டயரின் முகத்தில் முளைத்திருக்கும் மயிர் போன்ற இறப்பர்த் துணுக்குகள்கூட உதிராதிருக்க, அதன் உள்ளம் பழுதாகிவிடலாம். பார்வைக்குப் புதிது என்பதனால் அது புதிதாகிவிடாது.

இறப்பரின் இயல்பைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டை நினையாதிருக்க இயலவில்லை. சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சி இறப்பரை உறுதியாக்கும் வழியைக் கண்டார். 1876 இல் என்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்து, அந்த ஆண்டிலேயே கன்றுகளாக இலங்கைக்கு வந்து, கம்பகாவிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952 இல் நாம் சீனாவோடு செய்த இறப்பர் அரிசி உடன்படிக்கையின்படி ஐந்தாண்டுக் காலம் ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவதென்று முடிவாயிற்று. அமெரிக்கப் பயணிகளிடையே மலிவான இழுவண்டி டயருக்குச் 'சீனக் குண்டு' என்றொரு பட்டப்பெயர் வழங்குவதைக் கேட்டபோது இவையெல்லாம் என் நினைவுக்கு வந்தன. அந்தப் பெயர் முழு நியாயமானதன்று. சீனாவிலே உறுதியான லொறி டயர்களும் செய்யப்படுகின்றன. கொள்வனவு செய்பவர் ஆகக் குறைந்த விலைக்கு எதைக் கேட்டாரோ அதையே தொழிற்சாலை செய்து கொடுத்தது. கேட்டவர் அமெரிக்காவில் இருந்தார்.

சட்டம் விட்டுவிட்ட டயர்

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுட் பெரும்பாலானவை போர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளிற் பூட்டப்பட்டிருந்தவை. மேற்றோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்த அந்த விபத்துகளோடு 270க்கு மேற்பட்ட மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அமெரிக்கக் காங்கிரஸ் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்வழி வந்த புதிய தராதரம், வேகம், தாங்குதிறன், குறைந்த காற்றில் ஓடுதல் ஆகியவற்றிலே கார் டயர்களைக் கடுமையாகச் சோதித்தது. காற்றுக் குறைந்தால் சாரதிக்கு அறிவிக்கும் கருவி புதிய கார்களிலெல்லாம் கட்டாயமாயிற்று.

ஆனால் அந்தப் புதிய தராதரத்தில் ஒரு விலக்கு உண்டு. இழுவண்டிக்கென்றே செய்யப்படும், 'எஸ்.ரி.' என்ற எழுத்துகள் பொறித்த டயர்களை அது கட்டுப்படுத்தாது. அவற்றுக்கு 1970களில் வகுத்த பழைய தராதரமே போதுமென விடப்பட்டது. காற்றை அறிவிக்கும் கருவியும் இழுவண்டிக்குக் கட்டாயமாக்கப்படவில்லை. கெட்ட டயரினால் வந்த துயரத்திலிருந்து பிறந்த சட்டம், அதிகப் பாரமும் குறைந்த கவனிப்பும் பெறும் டயரைத் தன் குடைக்கு வெளியே நிறுத்திவிட்டது. சில உற்பத்தியாளர் தாமாகவே உயர்ந்த தரத்தில் டயர் செய்கின்றனர். பொருள் கொடுத்து அதனைத் தேடி வாங்கும் பொறுப்புப் பயணியின் தலைமேல் விழுந்தது.

சட்டத்தின் கை எவ்வளவு தாமதமாக நீளும் என்பதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. தானே ஓடும் வீட்டு வண்டிகள் சிலவற்றிலே பூட்டப்பட்ட குட்இயர் ஜி 159 என்ற டயரைப் பற்றிப் பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. 1996 முதல் 2003 வரை செய்யப்பட்ட அந்த டயர்களுள் ஏறத்தாழ 173,000 ஐத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது 2022 இல். செய்வது நின்று 19 ஆண்டுகள் கழிந்திருந்தன.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். வேகக் குறியீடு எதுவும் பொறிக்கப்படாத இழுவண்டி டயர் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடுதற்கு உரியதன்று என்பது நெடுநாளைய விதி. நாங்கள் சென்ற மேற்குத் திசை நெடுஞ்சாலைகளிலோ 75 மைல் வேகத்துக்கு அனுமதி உண்டு. பலகையில் எழுதியிருக்கும் வேகத்தில் எவ்விதக் குற்றமுமின்றிச் செல்லும் ஒருவர், தம் டயரின் எல்லையைத் தாண்டுவதை அறியாமலே தாண்டுகிறார்.

பாலை வழியிலே

மிசூரியிலிருந்து ஒக்லகோமா, ரெக்சாஸ், நியூ மெக்சிக்கோ வழியாக நாங்கள் சென்ற பாதை, பெரும்பாலும் பழைய 66 ஆம் இலக்க நெடுஞ்சாலையை ஒட்டியது. யோன் ஸ்ரைன்பெக் 1939 இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' நாவலிலே, நிலமிழந்த குடியானவர் பழைய டயர்களையும் கடவுளையும் நம்பி மேற்கே சென்ற வழி அதுவே. அந்த ஆசிரியருக்கே பிற்காலத்தில் டயரால் இடர் வந்தது. 1960 இல் சார்லி என்ற நாயோடு தம் நாட்டைச் சுற்றிவந்த அவர், டொன் குயிக்சோட்டின் குதிரையினது பெயரைத் தம் வண்டிக்கு இட்டிருந்தார். ஓரிகன் மாநிலத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரம் மிகுந்த அந்த வண்டியின் டயர் வெடித்தது. சிற்றூர்ப் பெற்றோல் நிலையத்துக்காரர் ஒருவர் விடுமுறை நாளென்றும் பாராமல் தேடியலைந்து தக்க டயர்களைப் பெற்றுக்கொடுத்ததை, 1962 இல் வந்த தம் பயண நூலில் ஸ்ரைன்பெக் நன்றியோடு எழுதியுள்ளார்.

நியூ மெக்சிக்கோவில் ருக்கும்காரி என்ற ஊரைக் கடந்து சென்றபோது, வீதியோரத்தில் ஓர் இழுவண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கக் கண்டோம். நேரம் பிற்பகல் மூன்று மணி. தார் வீதியின் வெப்பம் செருப்பினூடே காலைச் சுட்டது. இளம் தகப்பன் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தாயும் இரண்டு பிள்ளைகளும் வண்டியின் நிழலிலே ஒதுங்கி, ஓடும் லொறிகளின் காற்று அடிக்குந்தோறும் முகத்தை மூடிக்கொண்டனர். ஒரு பக்கத்து இரண்டு டயர்களும் போய்விட்டன. முதலாவது வெடித்ததும் அதன் பாரமும் இரண்டாவதன்மேல் விழ, அதுவும் சில மைல்களுள் வெடித்திருக்கிறது. உரிந்த மேற்றோல் சவுக்கைப் போலச் சுழன்றடித்து, சில்லின் மேலிருந்த தளத்தைக் கிழித்து, மின்கம்பிகளை அறுத்து, தண்ணீர்க் குழாயையும் உடைத்திருந்தது. சமையல் வாயுக் குழாய் நான்கு விரல் தூரத்தில் தப்பியிருந்தது.

"டயர் வாங்கி இரண்டு கோடைகூட ஆகவில்லை. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தால் வந்த லொறிக்காரர் ஒலியெழுப்பிக் கை காட்டியபின்தான் தெரிந்தது," என்று அந்தத் தகப்பன் சொன்னார்.

முன்சில்லில் பழுது வந்தால் சாரதியின் கை அதனை உணரும். முப்பது அடி பின்னால் வரும் சில்லின் வேதனை அவருடைய கைக்கு எட்டுவதில்லை. எங்கள் வண்டியின் நான்கு வால்வுகளிலும் மருமகன் சிறு கருவிகளைப் பொருத்தியிருந்தான். ஒவ்வொரு டயரின் காற்றழுத்தமும் வெப்பமும் சாரதியின் முன்னுள்ள சிறு திரையிலே தெரிந்தன. அந்தக் குடும்பத்துக்கு உதவி வண்டி வரும்வரை தண்ணீரும் பழங்களும் கொடுத்துத் துணையிருந்தோம். அவர்களுடைய சிறு பெண் அதே திரையைப் பார்த்து அந்த எண்கள் என்னவென்று கேட்டாள். மருமகன் விளக்கினான். தகப்பனும் அருகில் வந்து நின்று, ஒன்றும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாற்றத்தான் வேண்டுமா?

தொழிற்சாலை பூட்டிய டயரெல்லாம் கெட்டது, வாங்கிய அன்றே கழற்றி எறிக என்று நான் கூற வரவில்லை. பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் எழுந்து சேர்த்த பாலும், எண்ணெயும், உருக்கும், பலரின் உழைப்பும் கலந்த பொருளை வீணே எறிவது அறமாகாது. நல்ல டயரோடு, போதிய மிச்சத்தோடு வரும் வண்டிகளும் உள. அரைநாள் தூரத்திலுள்ள ஏரிக்கரைக்கு மெதுவாகச் சென்று மீள்பவருக்கு அவசரம் குறைவு. பாலையைக் கடந்து 2,000 மைல் போகிறவருக்குக் கணக்கு வேறு. பயத்தினால் மாற்றுவதும் பிழை. பளபளப்பை நம்பி மாற்றாது விடுவதும் பிழை. சில எண்களைப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

முதலாவது எண் வயது. ஐந்து ஆறு ஆண்டுகளைத் தொட்ட இழுவண்டி டயரை, மேற்றோல் எவ்வளவு தடித்திருந்தாலும், நெடும்பயணத்துக்கு நம்பலாகாது. இரண்டாவது எண் சுமை. வண்டியை நிறுத்துப் பார்க்காமல் இதனை அறிய வழியில்லை. டயரின் திறனில் ஐந்திலொரு பங்கேனும் கையிருப்பாக நிற்பது நன்று. மூன்றாவது எண் காற்று. காற்றுக் குறைய டயரின் சுமைத்திறனும் கூடவே குறையும், அது அதிகமாக நெளியும், நெளிவு வெப்பமாகும். வெயில் ஏறுமுன், வண்டி நகருமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெப்பம் 10 பாகை பரனைற் கூடும்போது அழுத்தமும் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதனைக் கண்டு காற்றைத் திறந்துவிடலாகாது.

டயரை மாற்றுபவர் சில்லையும் பார்த்தல் வேண்டும். 65 இறாத்தல் அழுத்தமும் கூடிய பாரமும் அந்தச் சில்லுக்கு ஏற்றவையா என்பது அதிலேயே பொறித்திருக்கும். வால்வும் உயர்ந்த அழுத்தத்துக்குரியதாக இருத்தல் வேண்டும். பூட்டிய நட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்கி, முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மீண்டும் சரிபார்ப்பது அவசியம். மேலதிகச் சில்லிலும் அதே தரத்து டயர் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மருமகன் ஐந்து டயர்களுக்கும் வேலைக்கூலிக்குமாக ஏறக்குறைய 600 டொலர் செலவிட்டான்.

கழற்றிய டயர்களைக் கண்ட கடைக்காரர், "இவை புத்தம் புதியவை. யாராவது மலிவாக வாங்குவார்கள். நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். மருமகன் சற்று யோசித்தான். பின்னர் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து, அயலிலிருந்த கமக்காரர் ஒருவருக்குக் கொடுத்தான். அவருடைய வைக்கோல் வண்டி வயலைவிட்டு வெளியே போவதில்லை; அதன் வேகமும் மனிதன் நடக்கும் வேகமே.

"கடையில் விட்டிருந்தால் நூறு டொலராவது கிடைத்திருக்குமே, தம்பி?" என்று கேட்டேன்.

"கிடைத்திருக்கும், மாமா. அவர் அதை யாருடைய வண்டியில் பூட்டுவார் என்று எனக்குத் தெரியாதே," என்றான்.

அந்த மறுமொழியிலே இந்த விடயத்தின் முழு நியாயமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உற்பத்தியாளர் மிச்சம் பிடித்த சில டொலர்களும், சட்டம் இட்ட ஒரு விலக்கும் எங்கே போய் முடிகின்றன என்று அவற்றைச் செய்தவர் காண்பதில்லை. காண்பவர் வீதியோரத்திலே வெயிலில் நிற்கும் தாயும் பிள்ளைகளுமே. விடுமுறைக்குப் புறப்படும் ஒரு குடும்பத் தலைவர் இரசாயனமும் சட்டமும் படித்த பின்னரே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பது நீதியாகாது. பழைய தராதரத்தைத் திருத்தி, இழுவண்டி டயரையும் கார் டயருக்கு நிகராகச் சோதிக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை. டயரின் வயதையும் கையிருப்புச் சுமையையும் விற்பனைப் பத்திரத்திலே எழுதிக் காட்டுவது வணிகரின் கடமை. அவை நிறைவேறும் நாள் வரும்வரை, மின்சூளை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே ஒருமுறை படுத்தெழும்புவது, நெடுவழி செல்வோர் தமக்கும் தம்மோடு வருவோர்க்கும் தமக்குப் பக்கத்தில் வீதியிற் செல்வோர்க்கும் செய்ய வேண்டிய கைங்கரியமாகும்.